கப்பல் காசும் எண்ணெய்க் கையும்

பிப்ரவரி 4

சம்பந்தி அவர்களுக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. பஞ்சு வைத்து, அட்டை வைத்து, நூல் கட்டி அனுப்பியிருந்தீர்கள். அந்தப் பக்குவத்துக்கு நன்றி. ஆனால் அந்தப் பழைய வெள்ளிக் காசைத் திருப்பி அனுப்புகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இது தேய்த்த காசு.

யாரோ பற்பசையோ சாம்பலோ போட்டு ஒரே திசையில் தேய்த்திருக்கிறார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மயிரிழை போன்ற கோடுகள் தெரியும். மேலுக்குப் பளபளப்பாகத்தான் இருக்கிறது. பாத்திரம் துலக்கினால் வருமே, அந்தப் பளபளப்பு. அச்சிலிருந்து விழுந்தபடியே இருக்கும் வெள்ளியின் ஒளி வேறு. காசை மெல்லச் சாய்க்கும்போது அது சக்கரத்தின் ஆரங்கள்போலச் சுற்றி வரும். ஒரு தடவை பார்த்துவிட்டீர்கள் என்றால் பிறகு யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

எனக்கு எது வேண்டும் என்று நான் இதுவரை விவரமாகச் சொல்லாததும் ஒரு குறைதான். இந்தக் கப்பல் காசை மொத்தம் ஏழு வருடங்கள் அடித்தார்கள். ஆறு வருடத்துக் காசுகள், புழக்கத்துக்கே போகாதவை, என்னிடம் இருக்கின்றன. ஐந்தாம் வருடம் மட்டும் இல்லை. அந்த வருடம் கொஞ்சமாக அடித்தார்கள். அடித்ததெல்லாம் சந்தைக்குப் போய்த் தேய்ந்துவிட்டது. தேய்ந்தது போதும் என்றால் நாளைக்கே கிடைக்கும். எனக்கு அது வேண்டாம். ஆல்பத்தில் அந்தக் குழி நான் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முன்பிருந்தே காலியாக இருக்கிறது. நல்லது வரும்வரை காலியாகவே இருக்கட்டும்.

நீங்கள் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்: கப்பலின் மேல்பாயில் இருக்கும் மடிப்பு. காசிலேயே உயரமான இடம் அது. நாலு பேர் கை பட்டாலும் முதலில் தேய்வது அதுதான். மடிப்பு கூர்மையாக இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். தையல் மெஷின் சாமான் விற்கிறவர் நீங்கள், கையில் எந்நேரமும் எண்ணெய் இருக்கும். தவறாக நினைக்க வேண்டாம். எடை அளவை ஆய்வாளராகவே காலத்தை ஓட்டியவன். முன்கூட்டியே சொல்லிவைப்பது தொழில் தந்த குணம். எங்கள் நாணயச் சங்கத்தில் எனக்குத் ‘தராசு’ என்றே பெயர்.

மருமகள் நலம். போனில் எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, எழுதவே எழுதுங்கள்.

உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 19

சம்பந்திக்கு,

லாட்ஜ் அறையிலிருந்து எழுதுகிறேன். மேசைக்கு ஒரு கால் குட்டை. எழுத்து சாய்ந்திருந்தால் குடித்துவிட்டு எழுதினேன் என்று நினைக்க வேண்டாம்.

இந்தப் பயணத்தில் ஆறு ஊர். பகலில் தையல் கடைகளுக்கு ஊசி, பாபின், பெல்ட். மாலையில் உங்கள் காசு. இங்கே பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அடகுக் கடை இருக்கிறது. முதலாளி என் பெட்டியைப் பார்த்துவிட்டு, “மெஷின் சாமான் விக்க வந்தீங்களா, காசு வாங்க வந்தீங்களா?” என்றார். “ரெண்டும்தான். நீங்க ஊசி வாங்குங்க, நான் காசு வாங்குறேன்” என்றேன். “என் கடையில கிழிஞ்ச மனுசங்கதான் வருவாங்க, அவங்களைத் தைக்க உங்ககிட்ட ஊசி இருக்கா?” என்று கேட்டுவிட்டு ஒரு பிஸ்கட் டப்பாவை மேசையில் கவிழ்த்தார்.

அதில் ஐந்தாம் வருடக் காசு ஒன்று இருந்தது. சாய்த்துப் பார்த்தேன். மேல்பாய் என் தலையைப்போலவே வழுக்கை. வைத்துவிட்டேன். “என்ன சார், ஒரு வருஷமா வர்றீங்க, பொண்ணு பாக்கிற மாதிரி பாத்துப் பாத்து வேணாம்னு போறீங்க” என்றார் முதலாளி. “பாக்கிறது எனக்கில்லைங்க, எங்க சம்பந்திக்கு” என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

நீங்கள் சிரமப்படுத்துவதாக நினைக்காதீர்கள். லாட்ஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இது எவ்வளவோ மேல். அதோடு, பெண்ணைக் கொடுத்த வீட்டுக்குப் பெரிதாக எதுவும் செய்யவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் ஓர் உறுத்தல் உண்டு. இதையாவது செய்கிறேன்.

ஊர் சுற்றும் சம்பந்தி


செப்டம்பர் 7

சம்பந்திக்கு,

கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுதுகிறேன். முடிவு சொல்ல வேண்டியவர் நீங்கள்.

தையல் பள்ளிக்கூடம் நடத்திய ஓர் அம்மா. பள்ளியை மூடிவிட்டு மெஷின்களை விற்கிறார். விலை சொல்ல என்னை அழைத்தார். பேச்சுவாக்கில் காசைப் பற்றிச் சொன்னேன். உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் மெல்லிய தாளில் ஒரு சின்னப் பொட்டலம். “தம்பி, இத நான் தொட்டதே இல்ல. எங்கண்ணன் காசு அடிக்கிற எடத்துல வேலை பார்த்தாரு. எனக்கு மொத சம்பளம் வந்தப்ப இத மடிச்சுக் குடுத்தாரு. செலவு பண்ணிடாதேன்னாரு. பண்ணல” என்றார்.

தாளை மேசையில் விரித்தேன். ஐந்தாம் வருடம். தாளோடு சேர்த்து ஜன்னல் பக்கம் சாய்த்தேன். நீங்கள் எழுதியிருந்த அந்த ஒளி, ஆரம் ஆரமாக, சுற்றி வந்தது. அதுவரை அதை நான் பார்த்ததில்லை, பார்த்ததும் தெரிந்துவிட்டது. மடிப்பு கத்தி மாதிரி இருக்கிறது.

நான் விரல் வைக்கவில்லை. தாளோடு எடுத்துத் தாளோடு மடித்தேன். என்ன விலை என்று கேட்காதீர்கள். சொன்னால் அனுப்பி வைப்பீர்கள், பிறகு அது நான் கொடுத்ததாக இருக்காது. தபாலில் அனுப்பவும் மனம் வரவில்லை. வரும் ஞாயிறு நானே கொண்டுவருகிறேன்.

ஊர் சுற்றும் சம்பந்தி


செப்டம்பர் 16

அன்புள்ள சம்பந்திக்கு,

‘அன்புள்ள’ என்று நான் யாருக்கும் எழுதுவதில்லை. அலுவலகக் கடிதம் எழுதியே வீணாய்ப் போன கை. இன்று எழுதத் தோன்றுகிறது.

நீங்கள் கிளம்பிப் போன பிறகும் ஹாலிலேயே உட்கார்ந்திருந்தேன். இருட்டிய பிறகு மருமகள் வந்து விளக்கைப் போட்டாள். “மாமா, ஆரஞ்சு அப்படியே காஞ்சு கிடக்கு, சாப்பிடலையா?” என்றாள். அதை உரித்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. காசை ஆல்பத்தில் வைத்து, கண்ணாடித் தாளை மூடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். இனி அதைத் திறக்க மாட்டேன். பார்க்கிறவர்கள் கண்ணாடி வழியாகப் பார்க்கட்டும்.

சங்கத்தில் காட்டினேன். எல்லாரும் எழுந்து வந்து பார்த்தார்கள். எங்கள் தலைவர், பேங்கில் பெரிய பதவியில் இருந்தவர், “தராசு, உமக்கு வாய்ச்ச சம்பந்தி மாதிரி எனக்கொருத்தர் வாய்க்கலியே” என்றார். அப்போது எனக்கு இருந்த பெருமையை எழுத வெட்கமாக இருக்கிறது.

உங்கள் சம்பந்தி


மார்ச் 2

சம்பந்தி அவர்களுக்கு,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். காசு கெட்டுவிட்டது.

கப்பலுக்குப் பின்னால் வானம் இருக்கும் வெற்றிடத்தில் பழுப்பாக ஒரு கறை. போன மாதம் மங்கலாகத் தெரிந்தது. என் கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்தேன். நேற்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அது கைரேகை. கட்டைவிரல். வெள்ளியில் கை பட்டால் அன்றே தெரியாது. விரலின் எண்ணெயும் வேர்வையும் மெல்ல மெல்ல வெள்ளியைத் தின்று, மாதங்கள் போன பிறகுதான் வெளியே வரும். வந்த பிறகு எதைப் போட்டாலும் போகாது.

நான் காசை விளிம்பில் தவிர வேறெங்கும் தொட்டவனல்ல. இந்த வீட்டில் வேறு யாரும் அந்தப் பெட்டியைத் திறப்பதில்லை. அந்த அம்மாளும் தொட்டதில்லை என்று நீங்களே எழுதினீர்கள். மிச்சம் இருப்பது யார் கை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கை என்று ஆரம்பத்திலேயே எச்சரித்தேன். ஒரே ஒரு விஷயம்தான் கேட்டுக்கொண்டேன்.

அத்தனை காலம் யார் கையும் படாமல் இருந்த பொருள், நம்மிடம் வந்து இப்படியானது. மருமகளிடமும் சொல்லிவிட்டேன்.

சம்பந்தி


மார்ச் 11

சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

என் கையாகத்தான் இருக்கும். பொட்டலத்தை மடிக்கும்போதோ விரிக்கும்போதோ பட்டிருக்கலாம். எண்ணெயில் புழங்குகிற கை, எனக்கே தெரியாமல் பட்டிருக்கும். உங்களுக்கு இத்தனை வருத்தம் உண்டாக்கியதற்கு மன்னிக்க வேண்டும். இன்னொன்று கிடைக்குமா என்று பார்க்கிறேன்.

மகளிடம் இதைப் பற்றி மேற்கொண்டு எதுவும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சம்பந்தி


மார்ச் 24

சம்பந்தி அவர்களுக்கு,

தவறை ஒப்புக்கொண்டீர்கள். அது உங்கள் பெருந்தன்மை. காசு திரும்பி வரப்போவதில்லை என்றாலும் மனம் சற்று ஆறியது.

மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று இந்த மாதக் கூட்டத்தில் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். உங்களைக் குறைசொல்ல அல்ல. பழக்கமில்லாத கைகளில் நல்ல காசைக் கொடுக்கக்கூடாது என்பதற்காக.

சம்பந்தி


ஜூன் 30

சம்பந்திக்கு,

மூன்று மாதம் எழுதவில்லை. வேலை அதிகம் என்று எழுதலாம், அது பொய்யாகிவிடும்.

போன வாரம் ஒரு பெரிய ஊரில், உங்களுக்கும் தெரிந்த அந்தக் காசு வியாபாரியின் கடைக்குப் போனேன். உங்கள் சங்கத்துக்கு மாதாமாதம் வருகிறவர். கப்பல் காசு ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அந்த எண்ணெய்க் கை சம்பந்தி நீங்கதானா?” என்றார். கடையில் இருந்த மற்ற இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவர் ஒரு காசை எடுத்தார். என் கையில் தரவில்லை. மேசையில் வைத்து, அதன் மேல் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, “இப்படியே பாருங்க, ரெண்டு பேருக்கும் நல்லது” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஸ்கூலில் வாத்தியார் முன்னால் நிற்கிற மாதிரி.

இனி நான் தேடவில்லை. தவறாக நினைக்க வேண்டாம். ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பட்டப்பெயர் உங்கள் வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் காதில் விழட்டும், போகட்டும். அவள் காதில் விழ வேண்டாம்.

சம்பந்தி


ஜூலை 18

சம்பந்தி அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை தொடங்கிக் கிழித்துப் போட்டேன்.

ஜூன் கடிதம் வந்ததிலிருந்து பெட்டியைத் திறக்கவே கூச்சமாக இருந்தது. நேற்று திறந்தேன். கறை முன்பைவிடக் கறுத்திருக்கிறது. மார்ச்சில் ரேகை என்று மட்டும் தெரிந்தது. இப்போது ஒவ்வொரு வரியும் எண்ணுகிற மாதிரித் தெரிகிறது. வரிகளுக்குக் குறுக்கே, சாய்வாக, வரியே இல்லாத ஒரு வெள்ளைக் கீற்று.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மீன் கடையில் கள்ளத் தராசு பிடித்தேன். தட்டைப் பிடுங்கும்போது அதன் ஓரம் என் இடது கட்டைவிரலைக் கிழித்தது. ஐந்து தையல். அந்த வடு இன்னும் இருக்கிறது.

ஸ்டாம்பு மையில் விரலைத் தொட்டுத் தாளில் வைத்தேன். எடைக்கல் முத்திரைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நான் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை. அசல் முத்திரை எது, போலி எது என்று ஒரு பார்வையில் சொல்வேன். இதற்கு அந்த ஒரு பார்வைகூடத் தேவைப்படவில்லை.

எப்போது தொட்டேன் என்று எனக்கு நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை. ஆனால் அது என் கை.

நீங்கள் ஏன் ஒப்புக்கொண்டீர்கள்?

சம்பந்தி


ஜூலை 27

சம்பந்திக்கு,

கேட்டதால் சொல்கிறேன்.

அந்த ஞாயிறு உங்கள் வீட்டு ஹாலில் நீங்கள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தீர்கள். மகள் காபி போட உள்ளே போயிருந்தாள். நான் பொட்டலத்தை டீப்பாய் மேல் விரித்தேன். வலது கையில் சுளை இருந்ததால் இடது கையால் எடுத்தீர்கள். விளிம்பில் அல்ல. ஒரு பட்டனை எடுக்கிற மாதிரி, முகத்தில் கட்டைவிரலை வைத்து. அப்படியே பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனீர்கள். சாறு விரலெல்லாம் இருந்தது.

சொல்ல வாயெடுத்தேன். உங்கள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணம் பேசிய நாளிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. விளிம்பைப் பிடி என்று எனக்குப் பாடம் எடுத்தவரிடம் போய், சார், நீங்களே தப்பாப் பிடிச்சிருக்கீங்க என்று எப்படிச் சொல்வது? பெண் வாழ்கிற வீடு. வாயை மூடிக்கொண்டேன்.

இதில் என் தப்பும் இருக்கிறது, அதையும் கேளுங்கள். புதிதாகப் பட்ட கைரேகையை அன்றே நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோனில் முக்கி எடுத்தால் போய்விடும் என்று அந்த அடகுக் கடைக்காரர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். திரும்பி வந்த பஸ்ஸில் அது ஞாபகம் வந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மகளுக்குப் போன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த அம்மா அத்தனை வருடம் காப்பாற்றிக் கொடுத்ததை, ஒரு வார்த்தை பேசப் பயந்துகொண்டு நான் கெடுத்தேன். அதனால்தான் உங்கள் கடிதம் வந்தபோது, முழுப் பழியையும் வாங்கிக்கொள்வது ஒருவகையில் சுலபமாக இருந்தது.

விடுங்கள். நமக்குள் தெரிந்துவிட்டது, அது போதும்.

சம்பந்தி


ஆகஸ்ட் 14

சம்பந்தி அவர்களுக்கு,

போதாது.

இந்த மாதக் கூட்டத்துக்குக் காசையும், மையில் வைத்த என் விரல் தாளையும் கொண்டுபோனேன். எழுந்து நின்று சொன்னேன்: மார்ச்சில் இங்கே நான் படித்த கடிதத்தில் இருந்த குற்றம் என்னுடையது, ஒப்புக்கொண்டவர் செய்யாதது. பூதக்கண்ணாடி கைமாறிக் கைமாறிப் போயிற்று. தலைவர், “தராசு, உம்ம தட்டுலயே கல்லைக் கட்டி வச்சிருந்தீரா?” என்றார். சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். உங்களிடம் கண்ணாடித் துண்டு வைத்துக் காட்டிய வியாபாரியும் இருந்தார். அவர் உங்களுக்கு எழுதுவதாகச் சொன்னார். எழுதாவிட்டால் எனக்குச் சொல்லுங்கள்.

முப்பது பேர் முன்னால் நின்று சொன்ன பிறகு பாரம் குறையும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தேன். மருமகள் செய்தித்தாளை எடுத்துத் தர வந்தவள், பாதி வழியில் திரும்பிப் போய்க் கையைக் கழுவி, துண்டில் துடைத்துவிட்டு வந்து கொடுத்தாள். அப்போதுதான் உறைத்தது. மார்ச்சிலிருந்து அவள் அப்படித்தான் செய்கிறாள். என் கண்ணாடி, என் மருந்து, என் தாள், எதைத் தொடுவதற்கு முன்னும். சுத்தமான பழக்கம் என்று எண்ணியிருந்தேன். ஒருமுறை என் மனைவியிடம் பாராட்டிச் சொல்லியும் இருக்கிறேன்.

சம்பந்தி


ஆகஸ்ட் 21

சம்பந்திக்கு,

வியாபாரி எழுதினார். சங்கத்தில் சொன்னது பெரிய காரியம், நான் மறக்க மாட்டேன்.

ஆனால் அவளிடம் சொன்னீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதோடு கடிதம் முடிந்துவிட்டது.

முதலில் விடுங்கள் என்று எழுதியவன் நான்தான். இப்போது கேட்கிறேன்.

சம்பந்தி


செப்டம்பர் 2

சம்பந்தி அவர்களுக்கு,

சொல்லவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகும் ஒரு வாரம் சொல்லவில்லை. சமையலறை வாசல்வரை போவேன், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்புவேன். “மாமாவுக்கு இப்பல்லாம் ரொம்ப தாகம் எடுக்குது, சுகர் பாக்கணும்” என்று அவள் என் பையனிடம் சொன்னது காதில் விழுந்தது. முப்பது பேர் வெளி ஆட்கள். அவள் எதிரில்தான் நான் தினமும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அவ்வளவும் அதுதான்.

நேற்று சொன்னேன். அப்படியே எழுதுகிறேன். எதையும் எனக்குச் சாதகமாக மாற்றவில்லை.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். “அந்தக் காசுல இருக்கிறது என் கைம்மா” என்றேன்.

குழாயை மூடினாள். “என்ன மாமா?”

“உங்கப்பா கை இல்ல. என் கை. ஆரஞ்சு உரிச்ச கையோட நான்தான் எடுத்தேன்.”

“எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?”

“ஜூலையில.”

“இப்ப செப்டம்பர்.”

“ஆமா.”

கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். “அப்பாவுக்குத் தெரியுமா?”

“அவருக்கு அன்னைக்கே தெரியும். பார்த்துக்கிட்டுதான் இருந்தாரு.”

“அப்புறம் எதுக்கு ஒத்துக்கிட்டாரு?” என்று கேட்டாள். நான் பதில் தேடுவதற்குள் அவளுக்கே விளங்கிவிட்டது. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். “மாமா, மார்ச்ல நான் அப்பாவுக்குப் போன் பண்ணித் திட்டினேன். ‘ஒரு வேலை சொன்னா உருப்படியா செய்ய மாட்டீங்களா, உங்களால இந்த வீட்டுல எனக்குத் தலை நிமிர்ந்து நிக்க முடியல’ன்னேன். ‘ஆமாம்மா, தப்புதான்’னாரு. அவ்ளோதான் சொன்னாரு. போனை வச்சுட்டாரு.”

சம்பந்தி, இதை நீங்கள் எனக்கு எழுதவேயில்லை.

மன்னித்துக்கொள் என்று அவளிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், சரி என்றோ வேண்டாம் என்றோ தெரியவில்லை. “எங்கிட்ட சொன்னது சரி மாமா. ஆனா இது கடுதாசியில முடியிற விஷயம் இல்ல. அப்பா வீட்டுக்குப் போங்க. அவர் எதிர்ல உக்காந்து சொல்லுங்க. எப்பப் பாத்தாலும் அவர்தானே இங்க வந்துட்டுப் போறாரு” என்றாள். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் தேவலை.

யோசித்துப் பார்த்தேன். கல்யாணம் பேச வந்ததற்குப் பிறகு உங்கள் வீட்டுப் படியை நான் மிதித்ததே இல்லை. எந்தத் தெரு என்றுகூட இப்போது கேட்டுத்தான் வர வேண்டும். வரும் ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு வரலாமா? எனக்கு உங்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் வருகிறேன்.

சம்பந்தி


செப்டம்பர் 9

சம்பந்திக்கு,

வாருங்கள். மத்தியானம் வந்து சேருகிற பஸ்ஸில் வாருங்கள், காலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. நிலையத்தில் நான் நிற்பேன். தெருவைக் கேட்டுக்கொண்டு அலைய வேண்டாம்.

மகள் போன் பண்ணினாள். மறுபடியும் திட்டு. “உங்க மரியாதையைக் குடுத்து எனக்கு நிம்மதி வாங்குங்கன்னு நான் கேட்டேனா? என்னைப் பத்தி அவ்ளோதான் நெனச்சீங்களா? நானும் உங்ககூட சேந்து கேவலப்பட்டேனே, அது கணக்குல இல்லையா?” என்றாள். மார்ச்சில் திட்டியபோதுகூட நான் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன், செய்யாத தப்பு என்று உள்ளுக்குள் ஒரு திமிர் இருந்தது. இந்தத் தடவை செய்த தப்பு. ரொம்ப நேரம் போனைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். அவளுக்காக வாயை மூடினேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவளைக் கேட்கவில்லையே.

நீங்கள் மன்னிப்புக் கேட்க வருகிறீர்கள். கேளுங்கள், நான் மறுக்க மாட்டேன். எனக்கு அது வேண்டும் என்று இந்தக் கடிதம் எழுதும்போதுதான் தெரிகிறது. கண்ணாடித் துண்டு வைத்த அந்த மேசை முன்னால் நின்றதிலிருந்து என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் அதோடு எழுந்து போய்விடாதீர்கள். உங்கள் கோபமும் எனக்கு வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், அந்தக் காசைக் கறுக்க விட்டவன் நான். ஜூலையில் அதை எழுதினேன், நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூடப் பதில் எழுதவில்லை. உங்கள் குற்றத்தின் பாரத்தில் என்னுடையதைச் சும்மா விட்டுவிட்டீர்கள். அது சரியில்லை. அத்தனை வருடம் தேடிய பொருள், உங்களுக்குக் கோபம் வராமல் இருக்காது. வரட்டும். என் எதிரில் உட்கார்ந்து, ஏன்யா சொல்லவில்லை என்று கேளுங்கள்.

உங்கள் வீட்டில் நான் ஒருநாளும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. இது என் வீடு, இங்கே பேசுவேன். மார்ச்சில் என் கடிதத்தை நாலு பேர் முன்னால் படித்தீர்களே, அதற்கு நானும் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. என் மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: ஹாலில் சத்தம் கேட்டால் ஓடி வராதே, சம்பந்திகள் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று.

உங்கள் சம்பந்தி